சும்பா தீவில் 20 ஆர் கடற்கரை நிலம்: வாங்கலாமா, போய் இருக்க முடியுமா?

நீலக்கரை

எல்லாருக்கும் வணக்கம். பாலியில் மூன்று வருடமாக இருக்கிறேன். மென்பொருள் வேலை, இந்தியப் பாஸ்போர்ட், கையில் கித்தாஸ் என்ற தற்காலிகக் குடியிருப்பு அட்டை. போன மாதம் கிடைத்த விடுமுறையில் இந்தோனேசியாவிலேயே உள்ள சும்பா தீவுக்குப் போய் வந்தேன். பக்கத்தில் ‘சும்பாவா’ என்றே பெயருள்ள வேறொரு தீவு இருக்கிறது, நான் போனது அது இல்லை. டிக்கெட் எடுக்கும்போது நானே ஒருமுறை தடுமாறினேன்.

தீவின் மேற்கு முனையில் கோடி என்று ஒரு வட்டாரம். கோடியில் இருக்கிற ஊருக்குக் கோடி என்றே பெயர், நமக்கு மறக்காது. கூம்பு மாதிரி உயர்ந்த புல்கூரை வீடுகள், வாசலிலேயே பெரிய பெரிய கல்லறைகள், அதற்குக் கீழே கடல். குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த இரண்டு பையன்களைத் தவிர கடற்கரையில் ஆளே இல்லை. தங்கியிருந்த இடத்தில் பழக்கமான ஒருவர் அங்கே 20 ஆர் நிலம் காட்டினார். ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் இரண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆருக்கு இரண்டரைக் கோடி ரூப்பியா சொல்கிறார். மொத்தம் 50 கோடி ரூப்பியா, நம் ரூபாயில் 26, 27 லட்சம்.

சின்னதாக ஒரு வீடு கட்டி வருடத்தில் நாலைந்து மாதம் அங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆசை. சட்டம் தெரிந்தவர்கள், அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பட்டறைவாசி

கோடியில் நிலம், அதுவும் கோடிக்கணக்கில். 50 கோடி என்றதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன், அப்புறம்தான் ரூப்பியா என்று பார்த்தேன். அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் கார் நிறுத்த இடம் கிடைத்தால் பெரிது. எனக்கென்னவோ வாங்கிப் போடுங்கள் என்றே தோன்றுகிறது. சட்டம் தெரிந்தவர்கள் வந்து திட்டட்டும்.

மேடான்_பேத்தி

திட்ட வந்துவிட்டேன். நான் மேடானில் பிறந்த தமிழச்சி, இந்தோனேசியக் குடியுரிமை. இப்போது ஜாவாவில் ஒரு நோட்டாரிஸ் அலுவலகத்தில் பத்திர வேலை பார்க்கிறேன். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் தாத்தா சொல்லிக்கொடுத்த எழுத்து.

நீலக்கரை தம்பி, இங்கே நிலச் சட்டத்தின் தாய் 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம். அதன்படி முழு உரிமை, அதாவது ஹக் மிலிக், இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். உங்களுக்குக் கிடையாது. கித்தாஸ் இருந்தாலும் கிடையாது, எத்தனை வருடம் இருந்தாலும் கிடையாது.

உங்களுக்கு உள்ள வழிகள் மூன்று. முதலாவது குத்தகை. பாலியில் பார்த்திருப்பீர்கள், 25, 30 வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டி எடுப்பார்கள். அடுத்தது ஹக் பாக்காய் என்ற பயன்பாட்டு உரிமை. 2021இல் வந்த அரசு விதிப்படி முதலில் 30 வருடம், நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30, ஆக 80 வருடம். ஆனால் அது குடியிருக்கும் வீட்டுக்கு. ஒரு குடும்பத்துக்கு ஒரு மனை, 2,000 சதுர மீட்டர் வரை. வீட்டின் விலை மாகாணவாரியாக வைத்திருக்கும் குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போகக்கூடாது. நாட்டில் இருக்கும் அனுமதி முடிந்து வெளியேறினால் ஒரு வருடத்துக்குள் தகுதியுள்ளவருக்கு மாற்றிவிட வேண்டும். மூன்றாவது, வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனி தொடங்கி, அதன் பெயரில் கட்டட உரிமை. அதற்கு முதலீட்டுத் திட்டம் 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல் காட்ட வேண்டும், நிலமும் கட்டடமும் சேராமல். உங்கள் ரூபாயில் 5 கோடிக்கு மேல். ஒரு குடிசைக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

நீலக்கரை

நன்றி அக்கா. ஆனால் நிலம் காட்டியவர் வேறு மாதிரி சொன்னார். தன் மைத்துனர் பெயரில் பத்திரம் போடலாம், பின்னாலேயே என்னோடு தனியாக ஒரு கடன் ஒப்பந்தம், ஒரு குத்தகை ஒப்பந்தம், ஒரு பவர் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்றார். பாலியில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்களாம்.

மேடான்_பேத்தி

அதற்குத் தமிழில் அழகான பெயர் இருக்கிறதே, பினாமி.

அதே 1960 சட்டத்தின் 26ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவைக் கேளுங்கள். நேராகவோ சுற்றி வளைத்தோ வெளிநாட்டவருக்கு முழு உரிமை போய்ச் சேரும்படி செய்த எந்த விற்பனையும் செல்லாது. நிலம் அரசுக்குப் போகும். விற்றவருக்குக் கொடுத்த பணத்தை நீங்கள் திருப்பிக் கேட்கவும் முடியாது. நிலமும் போச்சு, பணமும் போச்சு என்பது இங்கே வாய்வழக்கு இல்லை, சட்டத்தின் வாசகமே அதுதான். சுற்றி வளைத்து என்ற சொல்லையும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார்கள், கவனியுங்கள். 1960இலேயே உங்கள் நண்பரின் மைத்துனரை எதிர்பார்த்திருக்கிறார்கள்.

பாதிப் பேர் செய்கிறார்கள் என்றால், மாட்டாதவரை பாதிப் பேர். மைத்துனர் செத்தால் அவர் பிள்ளைகள் வருவார்கள். மைத்துனர் விவாகரத்து செய்தால் மனைவி வருவார். மைத்துனருக்குக் கடன் இருந்தால் வங்கி வரும்.

பட்டறைவாசி

அப்படியானால் அக்கா பேரிலேயே வாங்கிவிடலாமே. அக்காதான் இந்தோனேசியக் குடிமகள் ஆயிற்றே. தமிழ் இரத்தம்.

மேடான்_பேத்தி

வாங்கலாம். ஆனால் அது என் நிலம். தம்பி வந்தால் காப்பி கொடுப்பேன், நான்கு நாள் தங்கவிடுவேன், ஐந்தாம் நாள் வாடகை கேட்பேன்.

உப்புக்காற்று

தாமதமாக வருகிறேன். தென்மேற்குச் சும்பாவில் நான்கு வருடம் தண்ணீர்க் குழாய் வேலையில் இருந்தவன். கோடி, வேவேவா இரண்டு பக்கமும் சுற்றியிருக்கிறேன். அக்கா சொன்ன சட்டம் எல்லாம் சரி. ஆனால் அந்தச் சட்டம் பேசத் தொடங்குவதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. நீலக்கரை அதைக் கேட்கவே இல்லை. உங்களுக்கு நிலம் காட்டியவர் யார்?

பெயரைக் கேட்கவில்லை. அந்த நிலத்துக்கு அவர் யார் என்று கேட்கிறேன். நிலத்தோடு பிறந்தவரா, அந்த வீட்டில் பெண் எடுத்தவரா, அந்த வீட்டுக்குக் கடன்பட்டவரா, சும்மா மோட்டார் பைக் வைத்திருப்பவரா?

அங்கே ஆளுக்கு முதல் அடையாளம் கூட்டம், அதாவது குலம். மேற்குச் சும்பாவில் கபிசு என்பார்கள். கோடிக்காரர்களுக்கு ஒரே ஆளுக்கு இரண்டு வழி உண்டு. தந்தைவழியில் வருவது பரோனா, அதாவது மூதாதையர் ஊரும் வீடும். தாய்வழியில் வருவது வல்லா. நிலமும் வீடும் தந்தைவழியில் இறங்கும். அப்படி இறங்கிய நிலம் ஒருவர் பையில் இருக்கும் நிலம் இல்லை. அண்ணன் தம்பி, பெரியப்பா மக்கள், கலிமந்தானில் தோட்ட வேலைக்குப் போனவன், இன்னும் பிறக்காதவன் எல்லாருக்கும் அதில் பேச்சு உண்டு.

ஒரு கதை சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். வெளியூர்க்காரர் ஒருவர். அவரும் இந்தோனேசியர்தான், ஆகவே சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. தம்பிக்காரனிடம் நிலம் வாங்கினார். ஊர்த் தலைவர் கையெழுத்து இருந்தது, பத்திரம் இருந்தது. சுற்றுச்சுவர் பாதி எழும்பியபோது அண்ணன் ஊருக்கு வந்தார். கத்தவில்லை, சண்டை போடவில்லை. சுவருக்குள் இருந்த முந்திரி மரங்களைக் காட்டி, நிலம் தம்பி விற்றான், சரி, மரம் என் அப்பா நட்டது, அதை யார் விற்றார்கள் என்று கேட்டார். அங்கத்திய வழக்கில் மண்ணும் அதன் மேல் நிற்பதும் வேறு வேறு. மண்ணை வாங்கினால் மரமும் வந்துவிடும் என்பது நம் நினைப்பு. மரத்துக்குத் தனிப் பணம் ஆயிற்று. அப்புறம் ஒரு மூலையில் புல்லுக்குள் கிடந்த கல்லைச் சுத்தம் செய்யச் சொன்னார். பாட்டனார் கல்லறை. அதன் மேல் சுவர் போக முடியாது. அதைச் சுற்றிப் போனால் வாசல் மாறும். வாசல் மாறினால் வழி அடுத்தவர் நிலத்தில் விழும். நான் ஊரைவிட்டு வரும்போதும் அந்தச் சுவர் பாதியில்தான் நின்றது.

பட்டறைவாசி

கூட்டம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொங்குப் பக்கம் நாங்களும் கூட்டம்தானே. பங்காளி கையெழுத்து இல்லாமல் பூர்வீக நிலம் வாங்கினவன் படும் பாட்டை நேரில் பார்த்தவன் நான். இதைச் சும்பாவில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை போல. முதல் பதிவில் வாங்கிப் போடுங்கள் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

அலைஞன்

நிலம் கிடக்கட்டும். அந்தப் பக்கம் சுற்றுலாவே வேண்டாம் என்பது என் அனுபவம். பேர்போன ஒரு பாரம்பரிய கிராமம். வாசலில் பதிவேட்டில் பெயர் எழுதி நன்கொடை கொடுத்தோம். உள்ளே போனால் படம் எடுக்கக் காசு, குதிரை மேல் உட்காரக் காசு, குழந்தைகள் பின்னாலேயே மிட்டாய், மிட்டாய் என்று. துணி விற்கும் பெண்கள் விடவே இல்லை. ஆண்கள் எல்லாரும் இடுப்பில் அரிவாள் செருகிக்கொண்டு நிற்கிறார்கள். என் மனைவி பயந்துவிட்டாள். இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டோம். அழகான இடம், ஆனால் நிம்மதி இல்லை.

உப்புக்காற்று

அலைஞன் சார், காசு தொல்லை உண்மைதான், மறுக்க மாட்டேன். சில ஊர்களில் அதிகம். ஆனால் அரிவாள் விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது அங்கே ஆண்பிள்ளையின் உடுப்பில் ஒரு பகுதி. இடுப்புத் துணி, தலைத் துணி, அரிவாள். தேங்காய் வெட்டவும் அதுதான், வேலி கட்டவும் அதுதான். துண்டு போடாத விவசாயியை நம் ஊரில் பார்த்திருக்கிறீர்களா, அது மாதிரி.

இன்னொன்று. நீங்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக் காசு கொடுத்தீர்கள். அது டிக்கெட். டிக்கெட் வாங்கி வந்தவரிடம் கடை போடுவார்கள். நான் முதல் முறை போனபோது கூட வந்த டிரைவர், சந்தையில் வண்டியை நிறுத்திப் பாக்கும் சிரியும் வாங்க வைத்தார். சிரி என்றால் நம் வெற்றிலைக் கொடிதான். ஆனால் அந்தப் பக்கம் இலையைவிட அதன் காயைத்தான் அதிகம் மெல்லுகிறார்கள். திப்பிலி மாதிரி நீளமாகப் பச்சைக் கதிர். அதைச் சுண்ணாம்பில் தொட்டுப் பாக்கோடு கடிக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் ஏறியதும் அவர்கள் ஒரு கூடையை நீட்டுவார்கள், நாம் நம்முடையதை நீட்ட வேண்டும். பேச்சு அதற்கப்புறம்தான். மெல்லத் தெரியாவிட்டால் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. வேண்டாம் என்று கையை ஆட்டினால்தான் தப்பு.

வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற ஊரிலிருந்து போகிறோம். நமக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியதாயிற்றே என்று அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

அலைஞன்

சரி, பாக்கு வாங்கிப் போயிருந்தால் மிட்டாய்ப் பிள்ளைகள் விட்டிருப்பார்களா?

உப்புக்காற்று

மாட்டார்கள். பிள்ளைகள் பிள்ளைகள்தான்.

மாலைத்தென்றல்

சிங்கப்பூரிலிருந்து கேட்கிறேன். நிலம் வாங்கும் எண்ணம் எல்லாம் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் குதிரைச் சண்டை மாதிரி ஒரு விழா நடக்குமே, அதைப் பார்க்கக் குடும்பத்தோடு போகலாமா? பிள்ளைக்கு ஏழு வயது. எப்படிப் போவது, எங்கே தங்குவது?

உப்புக்காற்று

அது பசோலா. இரண்டு பக்கமும் குதிரை வீரர்கள் நின்று மரஈட்டி எறிவார்கள். ஈட்டி முனை மழுங்கல்தான், ஆனாலும் அடி அடிதான். கோடியிலும் லம்போயாவிலும் பெரும்பாலும் பிப்ரவரியில், வனோகாகாவிலும் கௌராவிலும் மார்ச்சில். பௌர்ணமி கழிந்து சில நாளில் கடற்கரையில் ஞாலே என்ற கடற்புழு கூட்டமாக மேலே வரும். ராத்தோ என்கிற பூசாரிகள் அதைப் பார்த்துத்தான் நாளை உறுதி செய்வார்கள். ஆகவே ஆறு மாதம் முன்னால் டிக்கெட் போட்டுவிட்டு நாளைக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் பிள்ளையை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். எறிந்த ஈட்டி எப்போதும் குறிவைத்த ஆள் மேல்தான் விழும் என்று இல்லை. ஊர் ஆட்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்களோ அந்தப் பக்கம் ஓடுங்கள்.

போக்குவரத்து: பாலியின் டென்பசாரிலிருந்து மேற்குச் சும்பாவில் உள்ள தம்போலாகாவுக்குச் சின்ன விமானம், ஒன்றரை மணி நேரத்துக்குள். கிழக்கில் வைங்காப்புவுக்கும் விமானம் உண்டு, ஆனால் பசோலா நடப்பது மேற்கில். சின்ன விமானம் என்பதால் பெட்டி எடைக்குக் கறார். மழைக்காலத்தில் ரத்தாவதும் சாதாரணம், பாலியில் உங்கள் பெரிய விமானத்துக்கு அதே நாளில் டிக்கெட் போடாதீர்கள். கப்பலில் போக ஆசை என்றால் சும்பாவா தீவின் சாப்பேயிலிருந்து சும்பாவின் வைகேலோவுக்குக் கார் ஏற்றும் படகு இருக்கிறது, ஓர் இரவுப் பயணம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மேற்குக் காற்று. அலை பெரிதானால் படகு ஓடாது, துறைமுகத்திலேயே இரண்டு நாள் கிடக்கலாம். கப்பலை அவர்கள் கபால் என்பார்கள், கடையைக் கடாய் என்பார்கள். இரண்டும் நம்மிடமிருந்து போன சொற்கள். அதைச் சொல்லித்தான் நான் அங்கே பலரிடம் பேச்சைத் தொடங்கியிருக்கிறேன்.

சிங்கப்பூர் நேரம்தான், கடிகாரம் மாற்ற வேண்டியதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டாக இருந்தால் வந்திறங்கி வாங்கும் விசா 5 லட்சம் ரூப்பியா, 30 நாள், ஒருமுறை நீட்டிக்கலாம்.

பிள்ளையோடு போவதால் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சும்பாவில் மலேரியா உண்டு. போவதற்கு முன் மருத்துவரைப் பார்த்து மாத்திரை கேளுங்கள். மாலையில் முழுக்கை, இரவில் கொசுவலை. ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் சும்பா போயிருந்தேன் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எனக்கு வந்தது விடுப்பில் சென்னை போனபோது. வைரஸ் காய்ச்சல் என்று மூன்று நாள் போயிற்று, நானும் வாயைத் திறக்கவில்லை. தப்பு என் மேல்தான்.

பணம் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வேதாபுலா, வைகாபுபாக் ஆகிய பெரிய ஊர்களில் ஏடிஎம் உண்டு. கிராமத்தில் கிடையாது.

மாலைத்தென்றல்

மிக்க நன்றி அண்ணா. கடாய் என்றதும் என் மகன், சமையல் கடாயா என்கிறான்.

நீலக்கரை

நான் இழையைத் தொடங்கிவிட்டுக் காணாமல் போய்விட்டேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பினாமி யோசனையைக் கைவிட்டுவிட்டேன். குத்தகை மட்டும் யோசிக்கிறேன். ஆனால் உப்புக்காற்று அண்ணாவிடம் ஒரு கேள்வி, கோபப்பட வேண்டாம். அந்த நிலம் சும்மாதான் கிடக்கிறது. பயிர் இல்லை, வீடு இல்லை. நான் எடுத்தால் அவர்களுக்கும் நாலு காசு வரும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

உப்புக்காற்று

கோபம் இல்லை தம்பி. சும்மா கிடக்கிறது என்ற வார்த்தையை மட்டும் அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அந்தப் புல்வெளியில் எருமையும் குதிரையும் மேயும். கூரைக்கு வேய்வது ஆலாங்-ஆலாங் புல். அது தோட்டத்தில் வளர்வதில்லை, சும்மா கிடக்கிற நிலத்தில்தான் வளர்கிறது. நீங்கள் படம் எடுத்த கூம்பு வீடு ஒன்றுக்கு எத்தனை கட்டுப் புல் வேண்டும் என்று ஒரு கூரை வேயும்போது நின்று பாருங்கள். கடற்கரைக்குப் போகும் வழி, ஞாலே பொறுக்கும் இடம், பசோலாவுக்கு முன் சடங்கு செய்யும் இடம் எல்லாம் வெறும் மணலாகத்தான் தெரியும்.

2018 ஏப்ரலில் லம்போயாப் பக்கம் மரோசி கடற்கரையில் நடந்ததை அங்கே யாரும் மறக்கவில்லை. 1990களில் ஒரு கம்பெனி உரிமை வாங்கிவிட்டு ஒன்றும் கட்டாமல் போட்டிருந்த நிலம். எல்லை அளக்க அதிகாரிகளும் போலீசும் வந்தார்கள், ஊர் மக்கள் தடுத்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் ஊர்க்காரர் ஒருவர் இறந்தார். உங்கள் 20 ஆருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பீர்கள். சரிதான். ஆனால் அளவுநாடாவோடு வெளியாள் ஒருவர் கடற்கரையில் நடந்தால் அவர்கள் மனதில் முதலில் வருவது அதுதான்.

மேடான்_பேத்தி

இதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். கடல் உச்ச அலையிலிருந்து தரைப்பக்கம் குறைந்தது 100 மீட்டர் கரைப்பகுதி, அங்கே வீடு கட்ட முடியாது. 2016ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணை அதை எப்படிக் கணக்கிடுவது என்றே சொல்கிறது. தம்பி, உங்கள் நிலத்தின் நீளம் எவ்வளவு, கடலிலிருந்து எத்தனை மீட்டரில் தொடங்குகிறது?

நீலக்கரை

கடல் பக்கம் 25 மீட்டர் அகலம், உள்ளே 80 மீட்டர் நீளம் என்றார். மணலை ஒட்டியே தொடங்குகிறது.

மேடான்_பேத்தி

அப்படியானால் முழு நிலமும் கரைப்பகுதிக்குள். வாங்கினால் வேட்டியை விரித்துப் படுத்துக்கொள்ளலாம், தூண் நடக்கூடாது. இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் இழை இரண்டு பதிவில் முடிந்திருக்கும், என் தப்பு.

பொதுவாகச் சொல்கிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் ஆகும். எந்த நிலமானாலும் சான்றிதழை நில அலுவலகத்தில் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஊர்த் தலைவர் கடிதம் என்பது சான்றிதழ் அல்ல. வரி கட்டிய ரசீதும் சான்றிதழ் அல்ல. விற்பனை என்றால் வாங்குபவருக்கு 5 சதவீதம், விற்பவருக்கு இரண்டரை சதவீதம் வரி. இரண்டையும் நீங்களே கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அது பேரத்தின் ஒரு பகுதி, சட்டம் அல்ல.

பட்டறைவாசி

நிலம் செத்தது. எனக்கு இப்போது அந்த ஊர் வாழ்க்கைதான் கேட்க ஆசையாக இருக்கிறது. உப்புக்காற்று, நான்கு வருடம் எப்படித் தள்ளினீர்கள்?

உப்புக்காற்று

தண்ணீரில் தொடங்குகிறேன், என் பிழைப்பு அதுதான். மேற்குச் சும்பா பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் பாறை குடித்துவிடும், மேலே நிற்காது. கடலோர ஊர்களில் கிணறு தோண்டினால் உப்பு. ஏப்ரலுக்கு மேல் நவம்பர் வரை வறட்சி. பெண்களும் பிள்ளைகளும் மஞ்சள் கேன்களைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்கு இறங்கி ஏறுவார்கள், காசு உள்ளவர்கள் லாரித் தண்ணீர் வாங்குவார்கள். கடற்கரையில் வீடு கட்ட நினைப்பவர்கள் அலையைப் பார்க்கிறார்கள், நான் முதலில் பார்ப்பது தொட்டியை. குளியலறைக்கு ஒருவர் செலவழிக்கும் தண்ணீர் அங்கே ஒரு குடும்பத்தின் ஒரு நாள்.

வீடு மூன்று அடுக்கு. கீழே பன்றி, கோழி. நடுவில் மனிதர், நட்ட நடுவே நான்கு பெருந்தூண்களுக்கு இடையில் அடுப்பு. மேலே கூம்புக்குள் மூதாதையருக்கு உரிய இடம், குலப் பொருட்கள் அங்கேதான். அடுப்புப் புகை மேலே ஏறிப் புல்லைப் பூச்சி அரிக்காமல் காக்கும். கூடவே நம் கண்ணையும் அரிக்கும். முன் தூணில் எருமைக் கொம்புகள், பன்றித் தாடைகள். எத்தனை சடங்கு செய்த வீடு என்று வாசலிலேயே எண்ணிக்கொள்ளலாம்.

மராப்பு என்பது அவர்கள் முன்னோர் வழிபாடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர் வீட்டிலும் அது இருக்கும். அடையாள அட்டையில் மதம் என்ற இடத்தில் அதைப் போட முடியாமல் இருந்தது. 2017இல் அரசியல் சாசன நீதிமன்றம், இப்படிப்பட்ட நம்பிக்கையாளர்களையும் அட்டையில் பதிய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்களில் சும்பாக்காரரும் ஒருவர்.

எனக்குப் பழக மிகவும் நாளானது சாவு. பிணத்தை உடனே எடுக்க மாட்டார்கள். சொந்தம் வர வேண்டும், எருமை சேர வேண்டும். வருகிறவர்கள் பன்றி, எருமை, குதிரை, துணி என்று கொண்டுவருவார்கள். யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். நம் மொய் நோட்டேதான். ஒரே வித்தியாசம், இங்கே ஐந்நூறு ரூபாய், அங்கே கொம்பு நீண்ட எருமை. வாங்கியதைத் திருப்பியே ஆக வேண்டும், அப்பா வாங்கியதை மகன் திருப்ப வேண்டும். பிள்ளைகளின் படிப்புப் பணம் இதில் போகிறது என்று அங்குள்ள இளைஞர்களே என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இடிந்தபோது கேட்காமலே பதினொரு பேர் வந்து நின்றார்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். இரண்டும் உண்மை, எது பெரிது என்று எனக்கு இன்னும் தீர்மானம் இல்லை.

நீலக்கரை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். மறுபடியும் போய் வந்தேன்.

இந்த முறை வேதாபுலா சந்தையில் பாக்கும் சிரிக்காயும் வாங்கிக்கொண்டு நேராகக் கிராமத்துக்கே போனேன், நிலம் காட்டியவரைக் கூப்பிடவில்லை. திண்ணையில் ஒரு பெரியவர். சுண்ணாம்பை அதிகம் தொட்டு வாய் வெந்துவிட்டது, அவர் மனைவி சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தார். எனக்கு ஓரளவு வரும் இந்தோனேசிய மொழியில் அந்த நிலத்தைப் பற்றிக் கேட்டேன். எந்த நிலம் என்றார். கைகாட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அது என் தங்கை பிள்ளைகள் குதிரை கட்டும் இடம், யார் விலை சொன்னது என்று கேட்டார். பெயரைச் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது.

ஊருக்குள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வீட்டில் ஓர் அறை மாத வாடகைக்குக் கிடைத்தது. தகரக் கூரை, கடல் தெரியாது. இணையம் காலையில் நன்றாக இருக்கிறது, மாலையில் கிடைத்தால் உண்டு. மூன்று வாரம் அங்கிருந்து வேலை பார்த்தேன். இரண்டாம் வாரம் பெரியவரின் உறவில் ஒரு சாவு. வாத்தியார் என்னையும் அழைத்தார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று நடுத்தரமாக ஒரு பன்றி வாங்கிக் கொடுத்தேன். நோட்டில் என் பெயரை எப்படி எழுதுவது என்று மூன்று பேர் விவாதித்தார்கள். கடைசியில் "பாலிக்காரத் தமிழன்" என்று எழுதிக்கொண்டார்கள்.

உப்புக்காற்று அண்ணா, அது திரும்பி வருமா? எனக்கு வேண்டாம் என்று சொல்லலாமா?

உப்புக்காற்று

வேண்டாம் என்று சொல்லவே கூடாது. உங்கள் வீட்டில் ஒரு காரியம் என்று தெரிந்தால் அதே அளவு பன்றி வந்து நிற்கும்.

பட்டறைவாசி

டென்பசார் அடுக்குமாடியில் லிஃப்டில் பன்றி. படம் போடுங்கள்.

நீலக்கரை

வீட்டுக்காரர் பாலிக்காரர், பன்றிக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். மோட்டார் பைக் நிறுத்தும் இடத்தைத்தான் யோசிக்க வேண்டும்.

பெரியவர் பேத்தி கல்யாணம் மழைக்காலத்தில் வைத்திருக்கிறார்கள், பத்திரிகை இல்லை, வாத்தியார் போனில் சொன்னார். இந்த முறை பைக்கையும் கொண்டுபோக வேண்டும். சாப்பேயிலிருந்து படகு பிப்ரவரியில் எந்த அளவுக்கு நம்பலாம், யாராவது போயிருக்கிறீர்களா?